சயாம் காட்டில் நினைவிழந்தவள்

தேர்வு முடிந்துவிட்டது. இனி கொஞ்ச நாளைக்கு என் தொல்லையை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் :-)

போன ஞாயிறு தேனாம்பேட்டையில் எங்கள் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ‘மூன்றாம் பிறை’ பார்த்துக்கொண்டிருந்தோம். 1982-ல் பாலு மகேந்திரா எடுத்த படம். கதை உங்களுக்குத் தெரியும். விபத்தில் நினைவு போன பெண், கேட்பாரில்லாமல் தப்பான இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறாள். ஒருவன் அவளை மீட்டு மலைக்குக் கூட்டிப்போகிறான். படம் முடிந்ததும் என் வகுப்புத் தோழன் கேட்டான்: "டேய், நீதான் ஹிஸ்டரி படிக்கிறியே, இந்த மாதிரி நிஜமா நடந்திருக்கா? நினைவு போன பொண்ணு, காடு, போலீசு கிடையாது, கோர்ட்டு கிடையாது..."

சினிமாவில்தான் அப்படி வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. நடந்திருக்கிறது. அதுவும் நம் ஆட்களுக்கு, ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் இருந்த ஒரு காட்டில். அந்தக் காடு சயாமில் இருக்கிறது. ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையைத்தான் சொல்கிறேன். மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்பார்கள்.

முதலில் நம் ஆட்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

மலேயாவின் கித்தாக் காடுகளுக்கு, அதாவது ரப்பர் தோட்டங்களுக்கு, ஆள் போனது பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்துதான். கங்காணி ஊருக்கு வருவான், சொந்தக்காரர்களையும் சாதிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கப்பலேற்றுவான். சென்னைப் பக்கத்தில் ஆவடியிலும், தெற்கே நாகப்பட்டினத்திலும் இதற்கென்றே முகாம்கள் இருந்தன. ‘ரஜுலா’ என்ற கப்பலின் பேரைத் தஞ்சை, திருச்சிப் பக்கத்துப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1938-ல் கூலியில் வந்த தகராறினால் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் அங்கே லயங்களில் குடும்பத்தோடு இருந்தார்கள்.

தோட்டத்தில் சட்டம் என்று ஒன்று இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். நல்ல சட்டம் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் தொழிலாளர் கட்டுப்பாட்டு அதிகாரி என்று ஒருவர், கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜென்ட் என்று ஒருவர், மனு எழுதிப்போட ஒரு முகவரி, இவையெல்லாம் இருந்தன. 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து, ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் விட்டார்கள். ஆகவே வாய் திறக்கத் தெரியாத ஜனங்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ரப்பர் வாங்க ஆளில்லை. துரைகள் ஓடிவிட்டார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டினார்கள். அந்த நேரத்தில்தான் ஜப்பானியருக்குப் பர்மாவுக்கு ஒரு தரைவழி தேவைப்பட்டது. கடல்வழியில் நீர்மூழ்கிக் கப்பல்களின் பயம். 1942 நடுவில் வேலை தொடங்கியது. சயாமின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர். மலையும் ஆறும் மூங்கில் காடும்தான் வழி நெடுக. அதற்கு முன்பே இந்தப் பாதையை யோசித்துப் பார்த்தவர்கள், வேண்டாம் என்று விட்டுவிட்ட காடு அது.

தண்டவாளத்துக்கு மலேயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்குக் காடு இருந்தது. ஆளுக்குத் தோட்டம் இருந்தது.

தினம் ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்றார்கள். முதலில் போனவர்களில் பலர் நம்பித்தான் போனார்கள். மூன்று மாதம் கழித்து யாரும் திரும்பவில்லை என்றதும் ஆள் கிடைப்பது நின்றது. அப்புறம் பிடிப்பதுதான். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேரைத் தரவேண்டும் என்று கணக்கு வைத்தார்கள், தோட்டத்துக் கிராணிகளே பேர் எழுதிக் கொடுக்கவேண்டி வந்தது. இலவச சினிமா என்று கூப்பிட்டுக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதையை மலேசியாவில் பல குடும்பங்களில் சொல்வார்கள். இப்படி மலேயாவிலிருந்து மட்டும் 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். பர்மியர், ஜாவாக்காரர், சீனர் எல்லாரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் சுமார் 60 ஆயிரம். கைதிகளில் இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90 ஆயிரம் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

முதல் எண்ணைக் கல்லறைகளை எண்ணிச் சரிபார்க்கலாம். இரண்டாவதை அப்படிச் செய்ய முடியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ரயில் வேலை என்று பேர், ஆனால் பாதி வேலை மரம் வெட்டுவதுதான். முதலில் காட்டை அழித்து வழி விடவேண்டும். அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகள். அப்புறம் பாலங்கள். சினிமாவில் வரும் அந்த ஒரு பாலம்தான் நமக்குத் தெரியும். உண்மையில் 600-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை வெட்டிய மரத்தை அப்படியே நட்டு எழுப்பியவை. யானைகள் மரத்தை இழுத்துவரும். யானை இல்லாத இடத்தில் மனிதர்கள் இழுப்பார்கள். 1943 அக்டோபர் 17-ல் கொங்கோய்தா என்ற இடத்தில் இரண்டு பக்கத்துப் பாதையும் சேர்ந்தது. வேலை அதோடு முடியவில்லை. எஞ்சின்கள் விறகில் ஓடின. ஆகவே விறகு வெட்டவும், குண்டு விழுந்த பாலங்களைத் திரும்பக் கட்டவும் ஆட்களைக் காட்டிலேயே வைத்திருந்தார்கள். போர் முடிந்த 1945 ஆகஸ்ட் வரை அந்த முகாம்கள் இருந்தன.

முகாம் என்றால் மூங்கில் கம்பு, மேலே கீற்று, உள்ளே மூங்கில் பரண். மழையில் கூரை ஒழுகும், சில இடங்களில் கூரையே இராது. 1943 மே மாதம் மழையோடு காலரா வந்தது. போர்க்கைதிகள் முகாமிலும் வந்தது. ஆனால் அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டுக் குடிக்கக்கூடாது, தட்டைக் கொதிநீரில் முக்கித்தான் சோறு வாங்கவேண்டும் என்று ஒழுங்கு போட்டார்கள். தமிழர் முகாமில் அப்படிச் சொல்ல யாருமில்லை. அங்கே இருந்த அதிகாரம் இரண்டு மட்டும்தான். ஒன்று கையில் மூங்கில் வைத்திருக்கும் ஜப்பானியக் காவலாளி, இன்னொன்று அவனுக்குப் பயந்து நடுங்கும் மேஸ்திரி. நோய் வந்தவனைத் தனியே ஒரு கொட்டகையில் போட்டார்கள். அதற்கு ஆஸ்பத்திரி என்று பேர். 1943 ஜூனுக்குப் பிறகுதான் சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் சில நூறு பேரை, கே படை, எல் படை என்ற பேர்களில், கூலிகளுக்கு வைத்தியம் பார்க்க அனுப்பினார்கள். ராபர்ட் ஹார்டி போன்ற போர்க்கைதி மருத்துவர்கள் ரகசியமாக எழுதிய டைரிகளிலிருந்துதான் தமிழர் முகாம்கள் எப்படி இருந்தன என்று நமக்கு இன்று இவ்வளவாவது தெரிகிறது.

இந்தக் கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். குடும்பத்தோடு வரலாம் என்ற பேச்சை நம்பி வந்தவர்கள். மண் சுமந்தார்கள், கல் உடைத்தார்கள், சமைத்தார்கள். புருஷன் காலராவில் போனதும் ஒருத்திக்கு என்ன கதி என்று நான் விவரிக்கத் தேவையில்லை. போருக்குப் பிறகு சிங்கப்பூரில் நடந்த விசாரணைகளில் பெண்கள் மீதான வன்முறை பற்றியும் சாட்சியங்கள் வந்தன. தப்பி ஓடலாம். ஆனால் எந்தப் பக்கம்? சுற்றிலும் காடு, பேசும் மொழி தெரியாது, மலேயா ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

இனி என் தோழனின் கேள்விக்கு வருகிறேன். நினைவு.

சினிமாவில் தலையில் அடிபட்டால் பேர் மறக்கும், இன்னொரு அடி பட்டால் திரும்பி வரும். வைத்தியர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அடிபட்டவர்கள் தன் பேரையே மறப்பது மிக அபூர்வம். ஆனால் அடியே படாமல், வெறும் சாப்பாட்டுக் குறையினால் நினைவு போவது உண்டு. தயமின், அதாவது வைட்டமின் பி1, உடம்பில் சில வாரங்களுக்குத்தான் கையிருப்பு இருக்கும். அது தீர்ந்தால் பெரிபெரி வரும். கால் வீங்கும், இதயம் தளரும். சிலருக்கு மூளையைத் தாக்கும். கண் ஆடும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். இதை 1881-ல் வெர்னிக்கி எழுதினார். இதிலிருந்து பிழைப்பவர்களுக்கு வரும் நினைவிழப்பை 1887-ல் ரஷ்யாவில் கோர்சகாஃப் விவரித்தார். காலையில் வந்தவரை மாலையில் தெரியாது. எங்கே இருக்கிறோம், எப்போது வந்தோம் என்று தெரியாது. கேட்டால் ஒரு பதில் சொல்வார்கள், அது நடந்தே இராது. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கக்கூடாது, காலியான இடத்தை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது, அவர்கள் அதை நம்புகிறார்கள். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதைப் பெரும்பாலும் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடிப்பவர்களிடம் பார்க்கிறார்கள்.

இது சிங்கப்பூர் சாங்கி முகாமில் கைதிகளுக்கு வந்தது. சிறைப்பட்ட ஆறு வாரத்திலேயே முதல் நோயாளி. டி வார்டனர் என்ற இளம் மருத்துவர் லெனாக்ஸ் என்பவரோடு சேர்ந்து 52 பேரைக் குறித்து வைத்தார். பாதிக்கும் மேற்பட்டோருக்கு நினைவுக் குறை இருந்தது. மிகச் சிறிய அளவு தயமின் ஊசி போட்டால்கூட இரண்டொரு நாளில் தெளிந்தார்கள். பிறகு டி வார்டனரைச் சயாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜப்பானியர் கையில் கிடைக்கக்கூடாது என்று அந்தக் குறிப்புகளைத் தகரப் பெட்டியில் வைத்து மூடி, ஒரு சிப்பாயின் கல்லறையில் புதைத்தார்கள். போர் முடிந்ததும் தோண்டி எடுத்தார்கள். 1947-ல் ‘லான்செட்’ இதழில் கட்டுரையாக வந்தது. இன்றும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அதே பாதையில், அதே தீட்டிய அரிசியை, பல நேரம் அதைவிடக் குறைவாக, தின்றவர்கள் நம் ஆட்கள். பெரிபெரி அவர்கள் முகாம்களிலும் இருந்தது, மலேரியாவும் இருந்தது, மூளைக்கு ஏறும் மலேரியா உட்பட. அவர்களுக்காகப் புதைத்து வைக்கக் குறிப்பு எழுத எவரும் இல்லை. ஆகவே புருஷனையும் பிள்ளையையும் புதைத்த இடம் மறந்துபோய், ஏதோ தோட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சயாம் காட்டு முகாமில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நான் ஒரு பேர் வைத்துக் கதை எழுதமாட்டேன். அது வரலாறு இல்லை. ஆனால் நோய் இருந்தது, அதற்கான சாப்பாடு இருந்தது, அந்தப் பெண்களும் இருந்தார்கள் என்பது வரலாறு.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. புழுங்கல் அரிசி!

நெல்லை வேகவைத்துக் காயவைத்துக் குத்தினால் தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் அவ்வளவு போகாது. நம் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து புழுங்கல்தான். இட்லிக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான். மலேயாவுக்குப் போன தமிழர்களும் புழுங்கல்தான் தின்றார்கள். அதனால் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாகச் செத்தபோது தமிழர்கள் தப்பினார்கள். இதைக் கவனித்த ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905-ல் ஒரு சோதனை செய்தார். எங்கே தெரியுமா? கோலாலம்பூர் மனநோய் விடுதியில். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, இன்னொரு பாதிக்கு இந்தியப் புழுங்கலரிசி. பச்சரிசி தின்ற 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் செத்தார்கள். புழுங்கல் தின்ற 123 பேரில் நோய் கண்டது 2 பேருக்கு. (மனநோயாளிகளிடம் சம்மதம் கேட்டாரா என்றெல்லாம் கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் கேட்கமாட்டார்கள்.) நம் குன்னூரிலும் மெக்கரிசன் 1918 முதல் பெரிபெரி ஆராய்ச்சி நடத்தினார். ஆந்திரக் கடற்கரையில் பச்சரிசி தின்னும் பகுதிகளில் நோய் இருப்பதும், புழுங்கல் தின்னும் தமிழ்நாட்டில் இல்லாததும் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

ஆக, 1943-ல் இது ரகசியம் இல்லை. முப்பத்தைந்து வருஷப் பழைய பாடம். அதுவும் மலேயாவிலேயே கண்டுபிடித்த பாடம். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் சோற்றாலேயே காப்பாற்றப்பட்டு வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய், எந்தச் சோறு ஆளைக் கொல்லும் என்று நிரூபித்தார்களோ அந்தச் சோற்றைப் போட்டார்கள். அதையும் அரை வயிற்றுக்கு.

இன்னொரு காட்சி. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பெண்கள் படையை அறிவித்தார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி அதற்குத் தலைமை ஏற்றார். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலேயத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். 1944-ல் அவர்களைப் பர்மாவுக்குக் கொண்டுபோனது இதே ரயில் பாதைதான். ஒரே தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி துப்பாக்கியோடு ரயிலில் போகிறாள், இன்னொருத்தி அந்த ரயிலுக்கு விறகு வெட்டும் முகாமில் இருக்கிறாள். நாம் முதலாமவளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி கொடுத்திருக்கிறோம். கொடுத்தது சரிதான், நான் குறை சொல்லவில்லை. இரண்டாமவளுக்கு ஒரு வரிகூட நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் இல்லை.

போர் முடிந்தபோது பல்லாயிரம் தொழிலாளர்கள் அந்தப் பாதை நெடுகச் சிதறிக் கிடந்தார்கள். போர்க்கைதிகளுக்கு விமானம் வந்தது, கப்பல் வந்தது. கூலிகள் காத்திருந்தார்கள். 1946-லும் ஆட்களைத் திருப்பி அனுப்பும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. கூலியாகக் கிடைத்த ஜப்பானிய நோட்டு, வாழைமரம் போட்ட நோட்டு, ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிட்டது. சிலர் தாய்லாந்திலேயே தங்கி அங்குள்ளவர்களோடு கலந்துவிட்டார்கள். திரும்பியவர்களுக்கு லயத்தில் வேறு குடும்பம் இருந்தது.

ரயில் பாதைக்கு விலை கிடைத்தது. 1946-ல் பிரிட்டன் அதைத் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுனுக்கு விற்றது. தண்டவாளமும் எஞ்சினும் பறிகொடுத்த அரசாங்கங்களுக்கான ஈடு அது. விசாரணைகளில் 111 பேர் மீது குற்றம் சாட்டி 32 பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். வழக்குகளில் பெரும்பாலானவை போர்க்கைதிகளைப் பற்றியவை. 1967-ல் ஜப்பான் மலேசியாவோடு கணக்கு முடித்தது. 2.5 கோடி ரிங்கிட், இரண்டு கப்பல்களாக. ரயில் பாதைக்குப் போனவன் வீட்டு விதவைக்கு அந்தக் கப்பலில் என்ன பங்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1957-ல் டேவிட் லீன் படம் எடுத்தார். விசில் மெட்டு இன்றும் பிரபலம். படப்பிடிப்பு இலங்கையில், கித்துல்கலவில். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் படத்தில் தமிழ்க் கூலிகளைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். படம் பார்த்துவிட்டுச் சுற்றுலாப் பயணிகள் குவாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். உண்மையான பாலம் இருந்தது மேக்லோங் ஆற்றின் மேல். என்ன செய்வது? 1960-களில் அந்த ஆற்றுப் பகுதிக்கே குவாய் என்று பேரை மாற்றிவிட்டார்கள்!

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,900-க்கும் மேற்பட்ட கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பேர், படைப்பிரிவு, வயது. புல்லை ஒட்ட வெட்டியிருப்பார்கள், படங்களில் பார்த்திருக்கிறேன். அதே ஊரில் 1990-ல் ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் அகப்பட்டன. கூலிகளுடையவை என்று கருதப்படுகிறது. பாலத்துக்குப் பக்கத்தில் 1944-லேயே ஜப்பானிய ராணுவம் எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. நம் மொழியில் அவர்களுக்கு முதலில் கல் வைத்தது, அவர்களைக் கொண்டுபோனவர்களேதான்.

தமிழர்களாகவே ஒரு கல் நட 2023 ஆயிற்று. அந்த வருஷம் மே மாதத்தில் காஞ்சனபுரியின் புத்தர் கோயில் வளாகம் ஒன்றில் நடுகல் நிறுவினார்கள். தமிழ்நாடு அரசும் அதற்கு நிதி கொடுத்தது. தோழனுக்கு அந்தப் படத்தை அனுப்பி வைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, "பேர் லிஸ்ட் எங்கடா?" என்று கேட்டிருந்தான்.